இறக்கி வைத்த இன்ஜின்

அம்பாசிடர் காரின் இன்ஜினைக் காரோடு பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டால், நட்டும் போல்ட்டும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சரி, அந்த நட்டைப் போல்ட்டோடு பிடித்து வைத்திருப்பது எது? பசை தடவவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவு. சரிவில் வைத்த பொருள் சறுக்கத்தான் பார்க்கும். ஆனாலும் நாற்பது ஐம்பது வருடம் மேடு பள்ளங்களில் குலுங்கிய பிறகும் அந்த நட்டு வைத்த இடத்திலேயே நிற்கிறது. உராய்வுதான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

அதே உராய்வு இன்ஜினுக்குள்ளே வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் ஏறி இறங்க இறங்க, சிலிண்டர் சுவரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் இரும்பு தேய்ந்து போகிறது. வண்டி புகை விடுகிறது, இழுவை குறைகிறது, ஆயில் குடிக்கிறது. ஒருநாள் மெக்கானிக் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, "இன்ஜினை இறக்கணும்" என்கிறார். இறக்கப் போகிறவர் முதலில் வெளியே இருக்கிற உராய்வோடு மல்லுக்கட்ட வேண்டும். அதை ஜெயித்த பிறகுதான் உள்ளே இருக்கிற உராய்வு என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்க்க முடியும்.

திருவண்ணாமலையில் வேட்டவலம் சாலைப் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், தன் அப்பா வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 காரின் இன்ஜினை வீட்டு வாசலிலேயே இறக்கினார். மெக்கானிக் தொழில் அவருக்குப் பழக்கமில்லை. பாடத்தில் உராய்வுக் கெழுவைப் பல வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவர், அதை ஒரு தடவையாவது கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் கூடமாட ஒத்தாசைக்கு இருந்தேன்.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை அம்பாசிடரைச் செய்தது. முதலில் வந்த பக்கவாட்டு வால்வு இன்ஜின் போய், 1959 வாக்கில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரீஸ் இன்ஜின் வந்தது. நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணிக்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,489 சி.சி. இங்கிலாந்தில் 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காருக்குள்ளும் இதே அளவு, இதே குடும்பத்து இன்ஜின்தான் இருந்தது. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கினால் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோ. எலக்ட்ரானிக்ஸ் என்று எதுவும் கிடையாது. கையில் ஸ்பேனரும் மனதில் பொறுமையும் இருந்தால் முழுதாகப் புரிந்துகொள்ளக் கூடிய இயந்திரம் இது. இன்றைய கார்களில் அந்த வசதி குறைந்துவிட்டது என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

வீட்டில் வைத்து வண்டியைப் பிரித்துக் கற்றுக்கொள்வது நமக்குப் புதிதல்ல. கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டல் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். அந்தப் பிரிப்பிலிருந்துதான் அவருடைய மற்ற சாதனைகள் எல்லாம் வந்தன. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடிய பஸ், அது வளர்ந்து ஆன யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், 1945-இல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கக் கொடுத்த கொடை எல்லாமே. ஒரு பொருளைக் கழற்றத் தெரிந்தவனுக்குத்தான் அது எதனால் ஓடுகிறது என்று தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஓடாத இன்ஜின் ஒன்றைப் போட்டு, பிள்ளைகளைக் கழற்றி மாட்டச் சொல்ல வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்காத பொருளா அது?

முதல் வேலை பேட்டரி. அதிலும் பாடியோடு சேர்ந்திருக்கும் எர்த் ஒயரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். காரின் உடம்பு முழுவதும் மின்சுற்றில் ஒரு பாதி. மற்ற முனையை முதலில் கழற்றப் போய், ஸ்பேனரின் மறுமுனை எங்காவது பாடியில் பட்டால், பேட்டரியின் மொத்த மின்னோட்டமும், நூற்றுக்கணக்கான ஆம்பியர், அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். எர்த்தை எடுத்துவிட்டால் பிறகு எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது. பேட்டரிக்குப் பிறகு பெட்ரோல் குழாய். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தரையாகப் பள்ளம் தேடித் தேங்கும். அதனால் குழாயை அடைத்து, கார்புரேட்டரைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு, காற்றோட்டமாக அரை நாள் விட்ட பிறகே மற்ற வேலை. பானெட், ரேடியேட்டர், ஹோஸ், டைனமோ, செல்ஃப் மோட்டார், ஒயர்கள் எல்லாம் சாதாரணமாக வந்துவிடும். ஒவ்வொரு ஒயரிலும் துண்டுச் சீட்டு கட்டி, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தார் நண்பர். கழற்றிய நட்டுகளை அந்தந்த போல்ட்டிலேயே திரும்ப ஏற்றி வைத்தார். இரண்டும் நல்ல பழக்கம்.

சண்டை தொடங்கியது சைலென்சர் பக்கம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து குழாய் இறங்கும் இடத்து நட்டுகள், ஸ்டட் எனப்படும் தலையில்லாத போல்ட்டுகளில் ஏறியவை. இன்ஜினிலேயே அதிகமாகச் சுட்டு, ஆறி, மழைத் தண்ணீர் பட்டு, மறுபடி சுடும் இடம் அது. ஒரு நட்டு மட்டும் அசையவே இல்லை.

ஒரு நட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பரப்பு கீழே உள்ள உலோகத்தோடு உரசுவதிலேயே போய்விடும். இன்னொரு நாற்பது சதவீதம் மரைக்குள் உரசுவதில் போகும். மிச்சம் பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்து நீட்டுகிறது. ஆம், போல்ட் நீளத்தான் செய்கிறது, மிக மிக விறைப்பான ஸ்பிரிங் மாதிரி. நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கும் இழுப்புத்தான் இரண்டு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த இழுப்பே மரையின் பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்தி உராய்வையும் உண்டாக்குகிறது. ஆக, இறுக்கமும் உராய்வும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்கின்றன. இதன்மேல் துரு ஏறினால் கேட்கவே வேண்டாம். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மரைக்குள் இருக்கும் நூலிழை இடைவெளியில் அந்த இடம் எங்கே இருக்கிறது? துரு ஆப்பு மாதிரி இறங்கி நெருக்குகிறது.

இதோடு இன்னொரு விஷயமும் உண்டு. நிற்கும் பொருளை அசைப்பதற்குத் தேவையான விசை, அசைந்துகொண்டிருக்கும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையான விசையைவிட அதிகம். இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புத்தகத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் நிலையை விட்டுக் கிளம்பும் கணத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். இரும்புச் சங்கிலியை அத்தனை பேர் இழுத்தும் அந்த முதல் ஓரடிக்குத்தான் மூச்சு முட்டும். சக்கரம் உருண்டுவிட்டால் பிறகு முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவதுதான் வேலை. துருப்பிடித்த நட்டிலும் அந்த முதல் அசைவுதான் எல்லாம்.

நண்பர் ஸ்பேனரின் வாலில் நீளமான பைப்பைச் செருகினார். கைப்பிடி இரண்டு மடங்கு நீண்டால் முறுக்கும் இரண்டு மடங்கு. நெம்புகோல் விதி சரிதான். பக்கத்துத் தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த வயதான மெக்கானிக் தடுத்துவிட்டார்.

"வேணாம் சார். பைப்பு போட்டு இழுத்தா நட்டு வராது, ஸ்டட்டு முறிஞ்சு உள்ளயே நின்னுக்கும். அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்கணும். ஆயில் ஊத்துங்க, ராத்திரி ஊறட்டும்."

"ஊறினா வந்துடுமாண்ணே?"

"ஊறும்போதே நாலு தட்டு தட்டி வைங்க. காலையில சூடு காட்டலாம்."

அவர் சொன்ன மூன்றும் இயற்பியல்தான். பாகுத்தன்மை குறைவான எண்ணெய், மரையின் மெல்லிய இடுக்குகளில் நுண்புழை ஏற்றத்தால் தானாகவே நுழைந்து ஏறும், புவியீர்ப்புக்கு எதிராகக்கூட. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். தட்டும்போது உண்டாகும் அதிர்வு, நொறுங்கும் தன்மையுள்ள துருவை விரிசல்விடச் செய்து எண்ணெய்க்கு வழி திறக்கிறது. சூடு என்பது விரிவு. இரும்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். பத்து மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 200 டிகிரி அதிகமாகச் சூடாக்கினால் துளை 0.024 மில்லிமீட்டர் பெரிதாகும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் துரு பிடித்து வைத்திருந்த பிடியைத் தளர்த்த அது போதும். நட்டு மட்டும் சுட வேண்டும், உள்ளே இருக்கும் ஸ்டட் சுடுவதற்குள் ஸ்பேனர் போட்டுவிட வேண்டும். மறுநாள் காலை, பெட்ரோல் வாசமே இல்லாத அந்த வாசலில், ஊதுவிளக்கைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, இறுக்கும் திசையில் லேசாக ஓர் அழுத்து, கழற்றும் திசையில் ஓர் இழுப்பு. படீரென்று ஒரு சத்தம். எல்லோரும் ஸ்டட் முறிந்தது என்றே நினைத்தோம். நட்டுதான் விட்டுக்கொடுத்திருந்தது. தேங்கி நின்ற உராய்வு ஒரே கணத்தில் அறுபடும் சத்தம் அது.

இனித் தூக்குவது. கிராமத்துப் பட்டறைகளில் வேப்பமரக் கிளையில் கட்டித் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். கிளை எப்போது முறியும் என்று கிளைக்குத்தான் தெரியும், அதைச் செய்யக் கூடாது. வீட்டு உத்தரமும் வேண்டாம். போர்வெல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி ஏற்றுகிறவர்களிடம் இரும்புக் குழாய் முக்காலி இருக்கும். கடினப் பாறை நிலமான இந்த மாவட்டத்தில் போர் மோட்டார் தூக்குவது அன்றாடத் தொழில் என்பதால் முக்காலிக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரு டன் செயின் பிளாக்கை மாட்டினார்கள். முக்காலிக்கு எடை ஏற ஏறக் கால்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். மூன்று கால்களையும் தரைக்குச் சற்று மேலே சங்கிலியால் சுற்றிக் கட்டிவிட வேண்டும்.

செயின் பிளாக் எனக்கு மிகவும் பிடித்த கருவி. உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் விசையை முப்பது மடங்காக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது கிலோவைத் தூக்க ஐந்து கிலோ இழுப்பு போதும் என்று கணக்கு சொல்லும். உராய்வுக்கும் சேர்த்து இன்னும் சில கிலோ கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். பள்ளிச் சிறுமிகூட இழுக்கலாம். சும்மா கிடைத்த லாபம் இல்லை இது. இன்ஜினை ஒரு மீட்டர் தூக்க முப்பது மீட்டர் சங்கிலியை இழுக்க வேண்டும். சரி, நடுவில் சங்கிலியைக் கைவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, இன்ஜின் அப்படியே அந்தரத்தில் நிற்கும். உள்ளே ஒரு மரையும் உராய்வுத் தட்டுகளும் இருக்கின்றன. தொங்கும் எடை தானே அந்த மரையைச் சுழற்றித் தட்டுகளை இறுக்கிவிடுகிறது. எடை எவ்வளவு கூடுகிறதோ பிரேக்கும் அவ்வளவு இறுகும். இழுக்கும்போது கேட்கும் டிக் டிக் சத்தம், பின்னால் சுழலவிடாமல் தடுக்கும் கொக்கி பற்கள்மேல் விழும் சத்தம். நட்டில் நமக்கு எதிராக நின்ற அதே உராய்வு இங்கே நம் காலையும் கையையும் காப்பாற்றுகிறது.

சங்கிலியை இன்ஜினில் எப்படிக் கட்டுவது என்பதிலும் கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி நடுவில் தூக்கும்போது, சங்கிலிகள் ஏறக்குறைய செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றும் பாதி எடையைத் தாங்கும். சங்கிலி குட்டையாக இருந்து, கிடைமட்டத்தோடு முப்பது டிகிரி கோணத்தில் படுத்துவிட்டால், ஒவ்வொரு சங்கிலியும் முழு எடையைத் தாங்க வேண்டிவரும். எடை மாறவில்லை, கோணம் மட்டும்தான் மாறியது. மிச்சம் பிடிக்கிறேன் என்று குட்டைச் சங்கிலி போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இந்தக் காரில் கியர் பாக்ஸை விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் எடுப்பது என்று முடிவானது. கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகளை எடுத்து, இன்ஜினைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கைச் சுற்றியுள்ள போல்ட்டுகளையும் எடுத்தாயிற்று. கியர் பாக்ஸின் தண்டு கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள் செருகிக்கொண்டிருக்கும். அது நேர்க்கோட்டில் உருவி வர வேண்டும். இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தாலும் மொத்த எடையும் அந்தத் தண்டின்மேல் விழும்; தண்டு வளையும், இல்லை கிளட்ச் பிளேட் நெளியும். நண்பர் செயினை ஒவ்வொரு டிக்காக இழுத்தார். நான் ஜாக்கியை அதற்கேற்ப ஏற்றினேன். வயதான மெக்கானிக் இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையே தெரிந்த இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே அகலம் கூடினால் இன்ஜின் முன்பக்கம் தொங்குகிறது என்று பொருள். கடைசி இரண்டு அங்குலத்துக்குத்தான் நேரம் பிடித்தது. தண்டு விடுபட்டதும் இன்ஜின் லேசாக முன்னே ஆடி, தன் ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர்கீழே வருமாறு தானே சாய்ந்து நின்றது. காரைப் பின்னால் தள்ளி, இன்ஜினை மரக்கட்டைகள்மேல் இறக்கி வைத்தோம்.

தொங்கும் இன்ஜினுக்கு அடியில் யாரும் கை நீட்டவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கவும் இல்லை. கிளட்ச் பிளேட்டிலிருந்த கறுப்புத் தூசியை ஊதித் தள்ளாமல், ஈரத் துணியால் துடைத்து எடுத்தார் நண்பர். அந்தக் காலத்துக் கிளட்ச், பிரேக் லைனிங், கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் இழைகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. வீட்டில் இந்த வேலை செய்ய விரும்புகிறவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஹெட்டைக் கழற்றிய பிறகு எல்லோரும் முதலில் செய்வது, சிலிண்டருக்குள் விரலை விட்டுச் சுவரில் நகத்தை மேல்நோக்கி இழுப்பதுதான். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் தட்டியது. அங்கே ஒரு படி. அந்தப் படிக்கு மேலே இருப்பது, பிஸ்டன் ரிங் ஒருபோதும் எட்டாத, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே சுவர். படிக்குக் கீழே இருப்பது தேய்ந்த சுவர். அதிகமாகத் தேய்ந்திருப்பது படியை ஒட்டிய இடத்தில். கீழே இறங்க இறங்கத் தேய்மானம் குறைந்துகொண்டே போய், அடியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒரே பிஸ்டன், ஒரே ஆயில், ஒரே இரும்பு. மேலே மட்டும் ஏன்?

பதில் தெரிய 1883-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். ரயில் சக்கர அச்சுகளின் பேரிங்குகள் எப்படி உரசுகின்றன என்று பொச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் சோதித்துக்கொண்டிருந்தார். எடை தாங்கும் பேரிங்கின் உச்சியில் ஆயில் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை தள்ளப்பட்டு வெளியே வந்தது. மரத்தில் ஆப்பு செய்து அடித்தார், அதுவும் வெளியே வந்தது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங்கின்மேல் இருந்த சராசரி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. சுழலும் அச்சு, தன்னோடு ஆயிலை இழுத்துச் சென்று, குறுகும் இடுக்கில் திணித்து, அந்த அழுத்தத்தில் தானே மிதந்துகொண்டிருந்தது. இரும்பும் பேரிங்கும் தொடவே இல்லை. ஏன் அப்படி என்று 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். இன்றைக்கும் உலகத்தில் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கார்களின் கிராங்க் ஷாஃப்டும் அந்தப் படலத்தின்மேல்தான் மிதக்கிறது. ஆயில் பம்ப் படலத்துக்குத் தேவையான ஆயிலைக் கொண்டுவந்து கொடுக்கிறது. தூக்கி நிறுத்துவது சுழற்சியே.

மிதப்பதற்கு வேகம் வேண்டும். இங்கேதான் பிஸ்டன் மாட்டிக்கொள்கிறது. கிராங்க் ஷாஃப்ட் நிற்காமல் சுழலலாம். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்றுதான் திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு நூறு தடவை அது முழுதாக நிற்கிறது. நிற்கும் கணத்தில் வேகம் பூஜ்யம், ஆயில் படலமும் போய்விட்டது, ரிங் நேரே சுவரைத் தொடுகிறது. கீழே நிற்கும்போது சூடும் குறைவு, அழுத்தமும் குறைவு, பிழைத்துக்கொள்கிறது. மேலே நிற்கும்போதுதான் பெட்ரோல் எரிந்து ஒரு டன்னுக்கு மேல் பிஸ்டன் தலையில் இறங்குகிறது. அந்த வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. இருக்கிற கொஞ்ச ஆயிலையும் சூடு எரிக்கிறது. அம்பாசிடர் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2,500 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு 25 கோடி. அத்தனை தடவை அதே இடத்தில் உரசினால் படி விழாமல் என்ன செய்யும்?

அந்தத் தேய்மானம் வட்டமாகவும் இல்லை. கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால், பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அதிகம் சாய்ந்து இறங்குகிறது. லேத் பட்டறையில் துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் விட்டு அளந்தபோது, மேலே அந்தப் பக்கமாகப் பத்து தௌ தேய்ந்திருந்தது. தௌ என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர். பத்து தௌதானே, பத்து தௌ பெரிய பிஸ்டன் போட்டால் போதாதா என்று நண்பர் கேட்டார். போதாது. தேய்மானம் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. சிலிண்டரின் மையம் நகரக் கூடாது, நகர்ந்தால் கிராங்கோடு நேர் விலகும். மையத்தை அப்படியே வைத்துக்கொண்டு அந்தப் பத்து தௌவை மறையும்படி கடைந்தால், எதிர்ப்பக்கத்திலும் பத்து தௌ போக வேண்டும். விட்டத்தில் இருபது. அது விளிம்பில் நிற்கும் கணக்கு என்பதால் பட்டறைக்காரர் முப்பது தௌ ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போகலாம் என்றார். கடைந்து முடிந்ததும் இன்ஜினின் கொள்ளளவு 1,489 சி.சி.யிலிருந்து 1,520-ஐத் தொட்டுவிட்டது.

கடைவதோடு முடியவில்லை. பிறகு ஹோனிங். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் ஆயில் நிற்காது. ஆகவே அரைக்கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டி, சுவர் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களைப் போடுகிறார்கள். ரிங் நின்று திரும்பும் அந்த மோசமான கணத்துக்கு, கீறல்களுக்குள் தங்கிய ஆயில்தான் துணை. பிளாக் வார்ப்பிரும்பாக இருப்பதும் ஓர் அதிர்ஷ்டம். அந்த இரும்புக்குள் கார்பன், கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கிறது. கொஞ்சம் உயவு அதிலிருந்தும் கிடைக்கும்.

பிளாக்கின் தண்ணீர்ப் பாதையைச் சுரண்டியபோது கொட்டிய வெள்ளைப் படிவு எனக்குத் திகைப்பாக இருந்தது. ரேடியேட்டரில் வருடக்கணக்காகப் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். பாறைக்குள் நின்ற தண்ணீரில் கரைந்த கால்சியம், சூடானதும் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அந்தச் சுண்ணாம்பு வெப்பத்தை இருபதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் கடத்தும். பெட்ரோலில் எரியும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தை ஓட்டப் பயன்படுகிறது. மிச்சத்தில் கணிசமான பகுதி தண்ணீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழியில் சுண்ணாம்புச் சுவர் நின்றால் இன்ஜின் கொதிக்கும். கிரிவலக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போதெல்லாம் இந்த வண்டி கொதித்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. இனி இதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ட் கலந்துதான்.

ஹெட்டில் இன்னொரு பழைய கதை எழுதியிருந்தது. இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. அதுவரை, இன்ஜின் தட்டலைத் தடுக்கும் என்று 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயச் சேர்மம் பெட்ரோலில் கலந்து வந்தது. மூளை வளரும் பிள்ளைகளுக்கு அது விஷம், நின்றது நல்லது. ஆனால் பழைய இன்ஜின்களில் அந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, சுடும் வால்வும் வார்ப்பிரும்பு இருக்கையும் ஒட்டிப் பிய்ந்து போகாமல் காத்தது. ஈயம் போன பிறகு இருக்கை மெல்ல மெல்லக் குழிந்து, வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்திருந்தது. கடினமான எஃகு வளையங்களை இருக்கைகளில் பதிப்பதுதான் வழி. வளையம் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிர்வித்துத்தான் இறக்க முடியும். இரண்டும் அறை வெப்பத்துக்கு வந்ததும் யாரும் கழற்ற முடியாதபடி பிடித்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமையும் புதிதாக மாற்ற வேண்டியிருந்தது. இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் இருபது சதவீதம், பழைய ரப்பர் அதைத் தாங்காது.

பிளாக்கைச் சுத்தம் செய்யும்போது இன்ஜின் எண்ணை மட்டும் தேய்த்துவிடக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அந்த எண்தான். வடித்தெடுத்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய ஆயில் வாங்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டும்.

பூட்டும் வேலை கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். ஒரே மூலையில் முழுதாக இறுக்கினால் ஹெட் நெளியும். மரையில் ஒரு சொட்டு ஆயில் விடலாமா கூடாதா என்பதைக்கூடக் கையேடு சொல்லும். ஆயில் விட்டால் உராய்வு குறையும், அதே அளவு முறுக்கில் போல்ட் அதிகமாக நீளும் என்பதால்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. கூட்டும்போது தடவிய ஆயிலைத் தவிர பேரிங்குகளில் எதுவும் இல்லை. படலம் உண்டாகச் சுழற்சி வேண்டும், சுழலும் முன் அங்கே ஆயில் வேண்டும். அதனால் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பெட்ரோல் எரியாமல், செல்ஃப் மோட்டாரால் மட்டும் இன்ஜினைச் சுற்ற வேண்டும். பிளக் இல்லாததால் அழுத்தமும் இல்லை, பேரிங்குகள்மேல் சுமையும் இல்லை. ஆயில் பிரஷர் மானியின் முள் அசைந்து மேலேறும் வரை, இடையிடையே செல்ஃப் மோட்டார் ஆற நேரம் கொடுத்து, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முள் ஏறிய பிறகு பிளக்குகளைப் பூட்டிச் சாவியைத் திருப்பலாம்.